ரீஃப் தொட்டியைப் பெரிதாக்கும்போது: எந்த அளவு, எந்த விளக்கு?

கேள்வி: 60×40×40 செ.மீ. தொட்டியில் சோவா, மஷ்ரூம், ஒரு ஹேமர், ஒரு டார்ச் ஆகிய பவளங்கள், இரண்டு கிளவுன் மீன்கள் என ஓராண்டாக எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்து 120×45×60 தொட்டிக்கு மாறி, அக்ரோபோரா பவளமும் வளர்க்க ஆசை. இப்போதுள்ள 90 வாட் எல்.இ.டி. போதுமா? அதேபோல் இன்னொன்று வாங்கிச் சேர்க்கலாமா, அல்லது டி5 ஒளிர்குழல்களுக்கு மாற வேண்டுமா?

பதில்:

விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தொட்டியின் அளவை மாற்றச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் 120×45×60-ஐப் படுக்கவைத்தால் 120×60×45. இரண்டிலும் கொள்ளளவு அதே 324 லிட்டர்தான். ஆனால் பவளத்துக்கு இரண்டும் வேறு வேறு தொட்டிகள். முதலாவதில் மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு 5,400 சதுர செ.மீ.; இரண்டாவதில் 7,200. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம். பவளம் வளர்வது இந்தப் பரப்பில்தான். உயரமான தொட்டியில் கூடுதலாகக் கிடைக்கும் லிட்டர் எல்லாம் வெறும் தண்ணீராக நிற்கும். அதன் அடிவரை வெளிச்சத்தைக் கொண்டுபோக நீங்கள் விளக்குக்குச் செலவழித்துக்கொண்டே இருப்பீர்கள்.

45 செ.மீ. அகலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. முன்கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய 8 செ.மீ. இடைவெளி வேண்டும். பின்பக்கம் நீரோட்டம் புக 7, 8 செ.மீ. போனால் பாறைக்கு மிஞ்சுவது 30 செ.மீ.க்கும் குறைவு. அதில் கட்டுவது சுவர் மாதிரிதான் நிற்கும். அக்ரோபோரா ஓரிரு ஆண்டுகளில் 20 செ.மீ. விட்டத்துக்கு விரியக்கூடியது; இரண்டு கொத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று கொட்டும், கீழே இருப்பவற்றுக்கு நிழல் விழும். கையும் ஒரு கணக்குதான். 60 செ.மீ. உயரத் தொட்டியில் மணலில் விழுந்த துண்டை எடுக்கத் தோள்வரை நனைய வேண்டும். கைக்கு எட்டாத இடத்தை யாரும் ஒழுங்காகப் பராமரிப்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை 120×60×50. மேலே 4 செ.மீ. விட்டு, மணலுக்கு 3 செ.மீ. போனால் நீர் 43 செ.மீ. இருக்கும். பாறையின் உச்சி நீர்மட்டத்திலிருந்து 15 முதல் 18 செ.மீ. கீழே அமையட்டும், அக்ரோபோரா மேல்நோக்கி வளர அந்த இடம் தேவை. அக்ரோபோரா ஆசையை விட்டுவிட்டு ஹேமர், டார்ச், சோவா வகைகளோடு நிற்பதாக இருந்தால் 90×60×45 (243 லிட்டர்) தாராளம். விளக்கும் மின்சாரமும் நிறைய மிச்சமாகும். இதை முதலில் முடிவு செய்துகொண்டு மற்றதற்குப் போங்கள், ஏனென்றால் கீழே வரும் எல்லா எண்களும் இந்த ஒரு முடிவில் தொங்குகின்றன.

மீன்களையும் கணக்கில் எடுங்கள். கிளவுன் ஜோடிக்கு எந்த அளவும் சரி. மஞ்சள் டாங்க் என்ற மீனுக்கு 120 செ.மீ. நீளம் குறைந்தபட்சம். நீல ரீகல் டாங்க் 30 செ.மீ. வரை வளரும், 180 செ.மீ. இல்லாமல் வாங்கவே வேண்டாம், சிறுகுஞ்சாகக் கிடைத்தாலும் சரி.

எடை: 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. 120×60×50 தொட்டியின் ஐந்து முகங்களும் 2.52 சதுர மீட்டர், அதாவது சுமார் 76 கிலோ. தண்ணீர், பாறை, மணல், சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 600 முதல் 650 கிலோ வந்து நிற்கும். அது முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறங்குகிறது. தரைத்தளமாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மேல்மாடி என்றால் சுமை தாங்கும் சுவரை ஒட்டி, விட்டங்களுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். இதில் ஊகத்துக்கு இடமில்லை.

இனி விளக்கு. லிட்டருக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கை மறந்துவிடலாம். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தைத்தான் சொல்லும்; பவளத்தின் மேல் என்ன விழுகிறது என்று சொல்லாது. நமக்கு வேண்டிய எண் பி.ஏ.ஆர்.: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. மஷ்ரூமுக்கு 50 முதல் 80 போதும். சோவாவுக்கு 80 முதல் 150. ஹேமரும் டார்ச்சும் 80 முதல் 150-க்குள் நிம்மதியாக இருக்கும். மான்டிபோரா என்ற பவளத்துக்கு 150 முதல் 250, அக்ரோபோராவுக்கு 250 முதல் 350. அதற்கு மேல் ஏற்றினால் இன்னும் வேகமாக வளரும் என்று நினைக்க வேண்டாம். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஓரளவுக்கு மேல் ஒளியைப் பயன்படுத்த முடியாமல் நிறைந்துவிடுகின்றன. மிஞ்சும் ஆற்றல் திசுவுக்குள் நச்சு ஆக்சிஜனாக மாறுகிறது. பவளம் தன்னைக் காத்துக்கொள்ள அந்தப் பாசிகளை வெளியே தள்ளுகிறது. வெளுப்பு என்று நாம் பார்ப்பது அதைத்தான்.

உச்ச அளவோடு, ஒரு நாள் முழுக்க எவ்வளவு விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 250 பி.ஏ.ஆரில் 8 மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் படிப்படியாக ஏறி இறங்கினால் நாளொன்றுக்குச் சுமார் 8 மோல். அதே விளக்கை 12 மணி நேரம் முழு உச்சத்தில் எரித்தால் 10.8 மோல். "அளவைக் கூட்டவே இல்லை, ஆனாலும் வெளுத்துவிட்டது" என்பவர்கள் பலர் நேரத்தைக் கூட்டியிருப்பார்கள்.

உங்கள் 90 வாட் விளக்குக்கு வருவோம். 60×40 பரப்புக்கு மேல் அது நன்றாக வேலை செய்தது. 7,200 சதுர செ.மீ. பரப்பு அதைப்போல் மூன்று மடங்கு. அதே மாதிரி இன்னொன்று சேர்த்தாலும் ஒவ்வொன்றின் நேர்கீழே பளிச்சென்ற ஒரு வட்டமும், நடுவிலும் நான்கு மூலைகளிலும் பள்ளமும்தான் கிடைக்கும். வட்டத்துக்குள் 300 காட்டும் இடத்திலிருந்து 25 செ.மீ. தள்ளினால் 90 காட்டுவது புள்ளி விளக்குகளில் சாதாரணம். அக்ரோபோராவை வட்டத்துக்குள் மட்டும் வைத்து, ஓரங்களில் ஹேமர், சோவா வைத்தால் அப்படியே ஓட்டலாம். அதுவும் நல்ல தொட்டிதான். தொட்டி நெடுகிலும் அக்ரோபோரா வேண்டுமென்றால் போதாது.

அக்ரோபோராவுக்கு வெளிச்சத்தின் அளவைப் போலவே அது வரும் திசைகளின் எண்ணிக்கையும் முக்கியம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிளை கிளையாக வளரும் கொத்துக்கு ஒரே புள்ளியிலிருந்து ஒளி வந்தால் மேல்கிளைகள் கீழ்க்கிளைகளை மறைக்கும். ஆறு மாதம் அழகாக இருக்கும். கொத்து தடித்ததும் அடிப்பகுதி வெளிறி, திசு உரிந்து, எலும்புக்கூடு தெரியும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். பாதி நேரம் காரணம் நிழலும் உள்ளே புகாத நீரோட்டமும்தான். அதனால் ஒளி பல இடங்களிலிருந்து வரும்படி அமைக்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள். மூன்று எல்.இ.டி. விளக்குகளை 40 செ.மீ.க்கு ஒன்றாகத் தொங்கவிடுவது ஒன்று. ஒவ்வொன்றும் 90 முதல் 120 வாட், முழு வேகத்தில் இல்லாமல் 60, 70 விழுக்காட்டில் ஓடட்டும். அப்படி ஓடும் விளக்கு குளிர்ச்சியாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். உங்களிடம் இருக்கும் விளக்கின் மாடல் இன்னும் கிடைத்தால் அதே மாதிரி இரண்டு வாங்கி இந்த வழியில் போகலாம். உங்கள் சூழ்நிலைக்கு நான் முதலில் சொல்வது இதுதான். இரண்டாவது, வலுவான இரண்டு விளக்குகளோடு முன்னும் பின்னும் 120 செ.மீ. நீள நீலப் பட்டை விளக்கு. நிழலை உடைப்பதில் பட்டைகள் நல்ல பலன் தரும். மூன்றாவது டி5: 54 வாட் குழல் 115 செ.மீ. நீளம், 120 செ.மீ. தொட்டிக்குச் சரியாகப் பொருந்தும். தனித்தனிப் பிரதிபலிப்பானோடு ஆறு குழல்கள் (324 வாட்) உங்கள் ஆழத்துக்குப் போதும். பரவலில் டி5-ஐ இன்றும் எதுவும் எளிதாக மிஞ்சுவதில்லை. ஆனால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை குழல்களை மாற்ற வேண்டும், வெப்பமும் அதிகம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின்படி பொது வெளிச்சத்துக்கான ஒளிர்குழல்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027-க்குள் நிற்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. மீன்தொட்டிக்கான சிறப்புக் குழல்கள் அதற்குப் பிறகும் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரிக்காமல் புதிதாக டி5-க்குள் இறங்க வேண்டாம்.

மெட்டல் ஹாலைடு விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஒளி அருமை, வெப்பம் கொடுமை. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வைக்கத் தயாராக இல்லாதவர்களுக்கு அது சரிவராது.

நிறம்: நுண்பாசிகளின் நிறமிகள் அதிகம் உறிஞ்சுவது 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீலப் பகுதியை. அதனால் விளக்கில் 420-லிருந்து 460 வரை நன்றாக நிறைந்திருக்க வேண்டும். நீலமும் ராயல் நீலமும் ஊதாவும் 80 முதல் 100 விழுக்காடு, வெள்ளை 15 முதல் 30, சிவப்பும் பச்சையும் 5 என்பது பாதுகாப்பான தொடக்கம். சிவப்பைக் கூட்டுவதால் பவளத்துக்குப் பெரிய நன்மை இல்லை. முதல் நாளே ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வாரா வாரம் நிறத்தை மாற்றினால் பி.ஏ.ஆரும் கூடவே மாறும். பவளம் எதற்கும் பழகாது.

உயரம்: லென்ஸ் வைத்த எல்.இ.டி.யை நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. மேலே தொங்கவிடுங்கள். 10 செ.மீ.க்கு இறக்கினால் அடியில் வெளிச்சம் கூடும், ஆனால் வட்டம் சுருங்கி நடுவில் எரியும். 35-க்கு ஏற்றினால் சீராகப் பரவும். கொஞ்சம் ஒளி அறைக்குள் சிந்தும். தொங்கவிடும் கம்பி நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்கட்டும், ஒருமுறை அளந்ததும் கட்டாயம் மாற்றத் தோன்றும். தொட்டிக்கு மேலே குறுக்குக் கண்ணாடிப் பட்டை வைக்காமல், ஓரங்களை மட்டும் சுற்றி ஒட்டிய பட்டை கேளுங்கள். நடுப்பட்டையில் உப்பு படிந்து அதன் கீழே நிரந்தர நிழல் விழும். குதிக்கும் மீனுக்குக் கண்ணாடி மூடியை விடத் தெளிவான வலை நல்லது.

அளப்பது எப்படி? செல்பேசியின் லக்ஸ் செயலி இதற்கு உதவாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்வை வைத்த அளவு. கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். நீல எல்.இ.டி.யின் கீழ் அந்த எண் தாறுமாறாக விழும். பி.ஏ.ஆர். மீட்டரை இரண்டு நாள் வாடகைக்கோ இரவலாகவோ வாங்கினால் போதும். பழைய மாடல் உணரிகள் நீலத்தைக் குறைத்துக் காட்டும், அப்போஜியின் எம்.க்யூ-510 போன்ற முழு நிறமாலை மீட்டர் கிடைத்தால் நல்லது, அதில் நீருக்குள் அளப்பதற்கான திருத்தமும் உள்ளேயே இருக்கிறது. பம்புகளை நிறுத்தி, நீர் அமைதியானபின் அளங்கள். நீளவாக்கில் ஐந்து இடம், அகலவாக்கில் மூன்று, ஒவ்வொன்றிலும் பாறை உச்சி, நடு, மணல் என்று மூன்று ஆழம். மொத்தம் 45 எண்கள். தாளில் தொட்டியை வரைந்து அதிலேயே எழுதிவிட்டால் எந்தப் பவளத்துக்கு எந்த இடம் என்று தானாகவே தெரிந்துவிடும். பாறை உச்சியில் 280, நடுவில் 170, மணலில் 80 முதல் 100 என்று வந்தால் மிகச் சரியான அமைப்பு: அக்ரோபோரா உச்சிக்கு, மான்டிபோரா நடுவுக்கு, ஹேமரும் டார்ச்சும் கீழே, மஷ்ரூம் பாறையின் நிழலில்.

இனி மாறும் நாள். பெரும்பாலான இழப்புகள் இங்கேதான் நடக்கின்றன, காரணமும் ஒன்றுதான்: தண்ணீர், பாறை, விளக்கு மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவது. அதைப் பிரித்துவிடுங்கள். புதிய தொட்டி தயாராகும் மாதத்திலேயே புதிய விளக்குகளில் ஒன்றைப் பழைய தொட்டியின் மேல் தொங்கவிட்டு, அங்கே பவளங்களுக்கு இப்போது கிடைக்கும் பி.ஏ.ஆரையே வருமாறு குறைத்து நான்கு வாரம் ஓட்டுங்கள். புதிய நிறத்துக்கு அவை பழகிவிடும். அதற்கும் முன்னால், மாறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பாகவே பீங்கான் உயிர்வடிகட்டிக் கட்டிகள் சிலவற்றைப் பழைய தொட்டியில் நீரோட்டம் படும் இடத்தில் போட்டுவிடுங்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மேற்பரப்புகளில்தான் குடியிருக்கிறது, தண்ணீரில் மிகக் குறைவு.

புதிய தொட்டியை நன்னீரால் நிரப்பி மூன்று நாளாவது கசிவு பாருங்கள். மட்டப்பலகை வைத்து நான்கு மூலையிலும் நீர்மட்டத்தை அளங்கள். பம்பை நிறுத்தியதும் மேல்தொட்டியிலிருந்து சம்புக்கு எவ்வளவு இறங்குகிறது என்று இப்போதே சோதியுங்கள்: 120×60-இல் 2 செ.மீ. இறங்கினாலே 14 லிட்டர். குழாயில் இருப்பதையும் சேர்த்து சம்பில் 25 லிட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். மின்சாரம் போன இரவில் தரை நனைவது இதைச் சோதிக்காததால்தான்.

பிறகு ஆர்.ஓ.டி.ஐ. நீரில் (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய நீர்) உப்பைக் கலந்து, உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 முதல் 26 டிகிரி, அல்கலினிட்டி (நீர் அமிலத்தைத் தாங்கும் திறன்; டி.கே.எச். அதன் அலகு) பழைய தொட்டியோடு அரை டி.கே.எச்.க்குள் பொருந்தும்படி வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். மாறும் நாளில் பழைய பாறைகளை வாளியில் இருக்கும் உப்புநீரில் நன்றாக உலுக்கி, சேற்றை உதிர்த்துவிட்டு உள்ளே வையுங்கள். பழைய மணலைக் கொண்டுவராதீர்கள். ஓராண்டு தேங்கிய கழிவு அதன் அடியில் இருக்கிறது. கிளறினால் அம்மோனியா ஏறி, ஒரே இரவில் மீன்கள் போகும். புதிய மணலைக் கழுவிப் போடுங்கள். முதல் வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள்.

விளக்கு அன்று எந்த அளவில் இருக்க வேண்டும்? பழைய தொட்டியில் பவளம் 90-இல் இருந்தால் புதியதிலும் 90-தான். அங்கிருந்து வாரத்துக்கு 10 விழுக்காடு அளவில் ஏற்றினால் 250-ஐத் தொட மூன்று மாதம் நெருங்கும். நீளமாகத் தோன்றும், ஆனால் புதிய தொட்டியில் பழுப்புப் பாசிப் படலம் எப்படியும் வந்து போக வேண்டும், அதுவரை பலமான ஒளி கொடுப்பது பாசிக்குத்தான் சோறு போடும். முதல் அக்ரோபோராவை மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்க வேண்டாம். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை சோதனையில் தெரிய வேண்டும். இரண்டும் பூஜ்யம் காட்டும் புதிய தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்களின் சளி பரவும்; பவளமும் வெளிறும், அதை விளக்கின் குற்றம் என்று தவறாக எண்ணுவீர்கள். பிரித்தறிய ஒரு வழி: ஒளி மிகுந்தால் மேல்புறம் முதலில் வெளுக்கும், நிழல்பட்ட அடிப்புறம் நிறத்தோடு இருக்கும். சத்துக் குறைவில் மேலும் கீழும் ஒரேபோல வெளிறும். ஒளி போதாவிட்டால் அக்ரோபோரா பழுப்பாகும், சோவாவின் தண்டு நீளும்.

வெளுப்பு தொடங்கிவிட்டால் பவளத்தைத் தூக்கித் தூக்கி இடம் மாற்ற வேண்டாம். விளக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நன்றாக உணவிட்டு, இரண்டு மூன்று வாரம் தொடாமல் விடுங்கள்.

விளக்கோடு சேர்ந்தே ஏறும் இன்னொரு செலவு இருக்கிறது, அதை வாங்கும் முன்பே கணக்கிட வேண்டும். ஒளி கூடினால் வளர்ச்சி கூடும், வளர்ச்சி அல்கலினிட்டியையும் கால்சியத்தையும் தின்னும். உங்கள் இப்போதைய தொட்டியில் வாராந்திர நீர் மாற்றமே அதை ஈடுகட்டியிருக்கும். அக்ரோபோரா நிறைந்த தொட்டி நாளொன்றுக்கு 1.5 டி.கே.எச். குடிப்பது சாதாரணம். 100 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். தொட்டியும் சம்பும் சேர்ந்த உங்கள் 370 லிட்டருக்கு அது தினமும் 17 கிராம் அளவில் வரும். கூடவே 10 பி.பி.எம். கால்சியமும் குறையும். இதைக் கையால் ஊற்றிச் சமாளிக்க முடியாது, தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் வேண்டும். விளக்கை ஏற்றிய ஒவ்வொரு வாரமும் அல்கலினிட்டியை மூன்று முறையாவது, ஒரே நேரத்தில் அளங்கள். 8-இல் நிலையாக இருக்கும் தொட்டி, 7-க்கும் 10-க்கும் ஊஞ்சலாடும் தொட்டியைவிட எத்தனையோ மேல்.

நீரோட்டமும் அப்படியே. அக்ரோபோராவுக்கு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் 30 முதல் 50 மடங்கு, அதாவது 11,000 முதல் 18,000 லிட்டர். எதிரெதிர் மூலைகளில் இரண்டு பம்புகள், வேகம் மாறி மாறி ஓடட்டும். அவற்றின் நேர்வழியில் ஹேமரையும் டார்ச்சையும் வைக்காதீர்கள், சதை கிழியும்.

செலவைப் பிரிக்க வேண்டியிருந்தால் இப்படிச் செய்யுங்கள்: 60 செ.மீ. அகலத் தொட்டியும், அதற்கு ஏற்ற சம்பும் முதலில். உங்கள் விளக்கோடு அதே மாதிரி ஒன்று மட்டும் சேர்த்து, ஹேமர், சோவா, மான்டிபோரா என்று எட்டு மாதம் போகட்டும். தொங்கவிடும் சட்டத்தில் நடுவிளக்குக்கு இடத்தையும் மின் இணைப்பையும் இப்போதே விட்டுவையுங்கள். மூன்றாவது விளக்கும் டோசிங் பம்பும் ஒன்றாக வரும் மாதத்தில் அக்ரோபோரா வரட்டும்.